கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்ய 8 பிட் போதுமா, 16 பிட் வேண்டுமா?

பழையபெட்டி எழுதியது:

வீட்டில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்யப் போகிறேன். பாதி 35 மி.மீ. நெகட்டிவ், கொஞ்சம் 6×6 செ.மீ. நெகட்டிவ், மீதி பிரிண்டுகள். பிரிண்டுகளில் நிறைய மங்கி மஞ்சளாகிவிட்டன.

ஸ்கேனர் மென்பொருளில் நான்கு தேர்வுகள் இருக்கின்றன: 8 பிட் கிரே, 16 பிட் கிரே, 24 பிட் கலர், 48 பிட் கலர் (சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களுக்கும் தலா 8 அல்லது 16 பிட்). எதை எடுப்பது? திரை 8 பிட். ஜேபெக் 8 பிட். பிரிண்டருக்குப் போவதும் பெரும்பாலும் 8 பிட்தான். எல்லாம் கடைசியில் 8 பிட்டின் 256 சாம்பல் படிகளுக்குள் அடங்கப் போகிறது என்றால், முதலில் 16 பிட்டில் 65,536 படிகள் எடுத்து என்ன பயன்? கோப்பு வேறு இரண்டு மடங்காகிறது. படங்கள் நிறைய இருப்பதால் பாதியில் முறையை மாற்ற முடியாது. முதலிலேயே முடிவு செய்துவிட்டுத் தொடங்க விரும்புகிறேன்.


இருட்டறை எழுதியது:

கடைசியில் 256 என்பது சரிதான். அந்த 256 படிகளும் நிரம்பியிருக்கின்றனவா, நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்பதை ஸ்கேனுக்கும் கடைசிக் கோப்புக்கும் நடுவில் நீங்கள் செய்யும் வேலை தீர்மானிக்கிறது.

நெகட்டிவையே எடுத்துக்கொள்வோம். சாதாரணமாகக் கழுவிய கறுப்பு வெள்ளை நெகட்டிவில் மிக மெலிந்த இடத்துக்கும் மிக அடர்ந்த இடத்துக்கும் உள்ள டென்சிட்டி (ஒளியைத் தடுக்கும் அளவு, லாகரிதக் கணக்கில்) வித்தியாசம் 1.2 பக்கம் இருக்கும். வெளிச்சக் கணக்கில் 16-க்கு 1, அதாவது நான்கே ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது). இதற்கு மேல் ஃபிலிம் அடித்தளமே 0.3 அளவுக்கு வெளிச்சத்தைத் தின்றுவிடும். எந்தத் திருத்தமும் இல்லாமல் காமா 2.2-இல் (இருண்ட பகுதிக்கு அதிகப் படிகள் ஒதுக்கும் வழக்கமான கணக்கு) 8 பிட்டாக ஸ்கேன் செய்தால், படத்தின் மொத்தத் தகவலும் சுமார் 53-லிருந்து 186 வரைக்குள் உட்கார்ந்துவிடும். 256-இல் 134 படிதான் உங்களுக்குக் கிடைத்தது. அதைத் திருத்த மென்பொருளின் லெவல்ஸ் கருவியில் 0–255 ஆக இழுத்தால் ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒரு படி காலி. எந்தச் சாம்பலில் எத்தனை பிக்சல் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் சீப்புப் பல் மாதிரி நிற்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நெகட்டிவில் வானம்தான் அடர்ந்த பகுதி. ஸ்கேனருக்கு அங்கேதான் வெளிச்சம் குறைவு, எண்களும் சிறியவை. 60-க்கும் 61-க்கும் இடையில் ஒளி ஊடுருவல் 3.7 சதவீதம் மாறுகிறது. அந்த 1.2 டென்சிட்டியை ஒரு நல்ல பிரிண்டின் 2.0 அளவுக்குச் சீராக நீட்டினால், அந்த ஒரு படி ஏறக்குறைய 6 சதவீத வெளிச்ச வித்தியாசம் ஆகிறது. நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரு சாம்பல்களுக்கு இடையில் 1 சதவீத வித்தியாசத்தையே கண் பிடித்துவிடும். ஆக, படத்திலேயே மழமழப்பாக இருக்க வேண்டிய வானத்தில்தான் 8 பிட்டின் மிகப் பெரிய படிகள் விழுகின்றன.

வண்ணப் படத்தில் இது இவ்வளவு தெரியாது. மூன்று சேனல்களிலும் படிகள் வெவ்வேறு இடங்களில் விழுவதால் ஒன்றின் ஓட்டையை இன்னொன்று மூடிவிடும். கறுப்பு வெள்ளையில் இருப்பது ஒரே சேனல், மூடி மறைக்க ஆள் இல்லை. “வண்ணம் இல்லை, அதனால் குறைந்த பிட் போதும்” என்று நினைப்பது நேர் தலைகீழ்.

நெகட்டிவுக்கு 16 பிட் கிரே. யோசிக்கவே வேண்டாம்.


துகள் எழுதியது:

இருட்டறை சொன்ன கணக்கு சரி, முடிவை மட்டும் அப்படியே ஏற்க மாட்டேன். ஹிஸ்டோகிராமில் ஓட்டை இருப்பதும், படத்தில் மழமழப்பான இடம் படிப்படியாகப் பிரிந்து பட்டை தெரிவதும் ஒன்றல்ல.

35 மி.மீ. ஃபிலிமில் கிரெயின் (வெள்ளித் துகள்களின் சொரசொரப்பு) இருக்கிறது. வேகமான ஃபிலிமில் வானத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் பத்து இருபது படிகள் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கமே இயற்கையான டித்தர், அதாவது படிகளை மறைக்கும் இரைச்சல். ஒரு படி விட்டுப்போனால் அதன் இரு பக்கத்துப் படிகளும் கலந்து கண்ணுக்கு நடுச் சாம்பலைக் கொடுத்துவிடும். பட்டை விழ வேண்டுமென்றால் பெரிய பரப்பு முழுக்க ஒரே எண் இருக்க வேண்டும். கிரெயின் உள்ள ஸ்கேனில் அப்படி ஒரு பரப்பு கிடைக்காது.

போட்டோஷாப் வண்ணத் திருத்தம் பற்றிப் புத்தகங்கள் எழுதிய டான் மார்குலிஸ் பல வருடங்கள் இதை வாதாடியிருக்கிறார்: கணினியில் உருவாக்கிய கிரேடியன்டை விட்டுவிடுங்கள், உண்மையான புகைப்படத்தில் 16 பிட் திருத்தம் கண்ணுக்குத் தெரியும் பலன் தருவதைக் காட்டுங்கள் என்று. அவர் பேசியது பெரும்பாலும் வண்ணப் படங்களைப் பற்றி, அது எனக்கும் தெரியும். ஆனாலும் கேள்வி நியாயமானது. கையில் இருக்கும் படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், எண்களைப் பார்த்துப் பயப்படக் கூடாது.

இன்னொன்று: 16 பிட் கோப்பு என்றால் 16 பிட் தகவல் என்று அர்த்தம் இல்லை. ஸ்கேனருக்குள் ஒளி அளவை எண்ணாக்கும் மாற்றி 12 பிட்டாகவோ 14 பிட்டாகவோ இருக்கலாம், அதாவது 4,096 அல்லது 16,384 படி. அதிலும் கடைசிச் சில பிட்டுகள் வெறும் இரைச்சல். பெட்டியில் “டென்சிட்டி 4.8” என்று அச்சடித்திருப்பார்கள். 65,536-இன் லாகரிதம் 4.8, அதை அப்படியே எடுத்துப் போட்டதுதான் அது. யாரும் அளந்து பார்த்துச் சொன்ன எண் இல்லை.


இருட்டறை எழுதியது:

துகள், கிரெயின் டித்தர் வேலையைச் செய்கிறது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. 400 வேக 35 மி.மீ. ஃபிலிமை முழுத் தெளிவில் ஸ்கேன் செய்து, அப்படியே அச்சிட்டால் 8 பிட்டும் 16 பிட்டும் ஒரே மாதிரிதான் வரும்.

ஆனால் அந்தக் கிரெயின் எல்லா இடத்திலும் உங்களுக்குத் துணைக்கு வராது. மென்மையான ஃபிலிமில் எடுத்த 6×6 நெகட்டிவில் வானம் ஏற்கெனவே மழமழப்பு. குறைந்த டிபிஐ-யில் (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) ஸ்கேன் செய்தால் ஒரு பிக்சலுக்குள் பல துகள்கள் சராசரியாகிவிடுகின்றன, கிரெயின் அடங்கிவிடுகிறது. கிரெயினைக் குறைக்கும் ஃபில்டர் போட்டாலும் அதே கதை. இழுப்பதை 8 பிட்டில் இழுத்துவிட்டு, அதற்கப்புறம் கிரெயினை மழுப்பினால், நீங்கள் நம்பியிருந்த டித்தரையே கையோடு எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பட்டை அப்போதுதான் வெளியே வரும்.

இதன் மறுபக்கம் ரொம்ப அழகானது. 16 பிட்டில் வைத்துக்கொண்டு படத்தைச் சிறிதாக்கினால், பக்கத்துப் பிக்சல்களின் சராசரி நடுவில் உள்ள நுணுக்கமான சாம்பல்களாக அப்படியே கோப்பில் தங்குகிறது. 8 பிட்டில் அந்தச் சராசரி மறுபடி அருகிலுள்ள முழு எண்ணுக்கு உருண்டுவிடும். ஸ்கேனரைப் பலமுறை படிக்கச் சொல்லும் மல்டி சாம்பிளிங்கும் இதே தத்துவம். 4 முறை படித்தால் இரைச்சல் பாதியாகும், அது ஒரு பிட் கூடுதல் தகவல். 16 முறைக்கு இரண்டு பிட். எட்டிலேயே நின்றால் இந்த லாபமெல்லாம் கிடைக்காது.

கடைசிப் பிட்டுகள் இரைச்சல் என்பதும் உண்மை, ஆனால் அது 8 பிட்டுக்கு ஆதரவான வாதம் இல்லை. 12 பிட் உண்மையான தகவல் இருந்தாலே 8 பிட்டை விட 16 மடங்கு நுணுக்கம். அதை வைக்க நமக்கு இருக்கும் பெட்டி 16 பிட் கோப்பு, அவ்வளவுதான்.


பழையபெட்டி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். பிரிவியூவிலேயே பிளாக் பாயின்ட், ஒயிட் பாயின்ட் (முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் எங்கே என்பது), கர்வ் (நடுச் சாம்பல்களைத் திருத்தும் வளைகோடு) எல்லாம் சரியாக வைத்துவிட்டு 8 பிட்டாக எடுத்தால்? அப்போது நீட்டும் வேலையை ஸ்கேனர் மென்பொருளே செய்துவிடுகிறது அல்லவா?


சாம்பல் எழுதியது:

ஆமாம், நல்ல கேள்வி. எத்தனை பிட் என்பதை விட எந்தக் கட்டத்தில் 8 பிட்டாகக் குறைக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

பெரும்பாலான ஸ்கேனர் மென்பொருட்கள் உள்ளே முழு ஆழத்தில் கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில்தான் 8 பிட்டாக்குகின்றன. சில்வர்ஃபாஸ்ட் என்ற ஸ்கேனர் மென்பொருளில் இருக்கும் “16→8 பிட்” என்ற தேர்வு இதைத்தான் சொல்கிறது. நெகட்டிவை நேராக்கி, இரு முனைகளையும் வைத்து, கர்வும் போட்ட பிறகு 8 பிட்டில் இறக்கினால் 256 படிகளும் நிரம்பி வரும். அதற்கப்புறம் நீங்கள் தொடவே போவதில்லை என்றால் அது நல்ல கோப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

தொடாமல் இருப்போமா என்பதுதான் சிக்கல். பிரிவியூ சின்னது. அதில் பார்த்து வைத்த கர்வ், முழு அளவில் திறந்து பார்க்கும்போது முகத்தில் கொஞ்சம் இருட்டாகத் தெரியும். டாட்ஜ், பர்ன் (ஓர் இடத்தை மட்டும் வெளிச்சமாக்குவது, இருட்டாக்குவது) பண்ணத் தோன்றும். இருட்டறையில் செய்வது போல ஒரு மூலையை ஒரு ஸ்டாப் தூக்கினால், அந்த மூலையில் இருந்த படிகள் மறுபடி அகலமாகின்றன. வானத்தில் கிரேடியன்ட் மாஸ்க் (திருத்தம் எங்கே எவ்வளவு என்று வரையறுக்கும் மறைப்பு) வைத்து இருட்டாக்குவது இன்னும் மோசம், அது மழமழப்பான பகுதியிலேயே நடக்கிறது.

கூடவே, நிறையப் படங்களை வரிசையாக ஸ்கேன் செய்யும்போது ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து கர்வ் வைப்பது நடக்காத காரியம். நான் சொல்லும் முறை: இரு முனைகளிலும் கொஞ்சம் இடம் விட்டு, எதுவும் வெட்டுப்படாமல், 16 பிட் கிரேயில் தட்டையான ஸ்கேன். பார்க்க மங்கலாக இருக்கும், பரவாயில்லை. ஒயிட் பாயின்டை இறுக்கி வைத்து ஹைலைட் வெட்டுப்பட்டால் எந்தப் பிட் ஆழமும் அதைத் திருப்பித் தராது. ஆட்டோ எக்ஸ்போஷரை நம்பி விட்டுவிடாதீர்கள், அது ஃபிரேமின் கறுப்பு ஓரத்தையும் படமாக எண்ணிவிடும்.

வியூஸ்கேன் என்ற ஸ்கேனர் மென்பொருள் பயன்படுத்துபவர்கள் திருத்தம் எதுவும் செய்யாத “ரா” கோப்பாகச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். நெகட்டிவைக் கையில் எடுக்காமலேயே பிறகு வேறு அமைப்பில் மறுபடி உருவாக்க முடியும். ஆனால் ரா கோப்பு லீனியராக (காமா இல்லாமல், வெளிச்சத்துக்கு நேர் விகிதத்தில்) இருந்தால் கட்டாயம் 16 பிட்டில்தான் இருக்க வேண்டும். லீனியரில் ஒவ்வொரு ஸ்டாப் கீழே இறங்கும்போதும் படிகள் பாதியாகின்றன: 8 பிட் லீனியரில் மேல் ஸ்டாப்புக்கு 128, அடுத்து 64, 32, 16. நான்காவது ஸ்டாப்பில் வெறும் 16 சாம்பல். நெகட்டிவில் அதுதான் வானம்.


புதுலென்ஸ் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஏற்கெனவே 8 பிட் டிஃப் கோப்புகள் நிறைய இருக்கின்றன. மூல நெகட்டிவுகள் இப்போது கைவசம் இல்லை. இவற்றை 16 பிட்டாக மாற்றினால் ஏதாவது பலன் உண்டா?


இருட்டறை எழுதியது:

உண்டு, ஆனால் ஓரளவுதான். மாற்றியதும் புதிய சாம்பல் எதுவும் பிறக்காது. அதே 256 எண்கள் பெரிய அளவுகோலில் தள்ளித் தள்ளி உட்காரும். ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் உருட்டப்படாமல் துல்லியமாகத் தங்கும். முதலில் இருந்த இழப்பு அப்படியே இருக்கும், ஒவ்வொரு படியிலும் புது இழப்பு சேராது. இரண்டு கர்வ், ஒரு லெவல்ஸ், கொஞ்சம் டாட்ஜ் பர்ன் என்று அடுக்கிப் போகும் வேலையில் இது பொருட்படுத்தத் தக்க வித்தியாசம். அதனால் மாற்றிவிட்டே திருத்துங்கள். கடைசியில் வானம் கொஞ்சம் படிப்படியாகத் தெரிந்தால் மிக மெல்லிய நாய்ஸ் சேருங்கள், கிரெயின் மாதிரி, அளவு குறைவாக. 16 பிட்டில் இருக்கும்போதே சேர்த்துவிட்டு, அப்புறம் 8 பிட்டாக்க வேண்டும்.

போட்டோஷாப்பில் “16 பிட்” என்பது உண்மையில் 0 முதல் 32,768 வரை. அதைப் பார்த்து யாரும் கவலைப்பட வேண்டாம். நம் வேலைக்கு அது தாராளம்.


ஆவணம் எழுதியது:

பழையபெட்டி, மங்கி மஞ்சளான பிரிண்டுகளைப் பற்றி யாரும் பேசவில்லை. அவற்றுக்கு நான் 16 பிட் கிரே சொல்ல மாட்டேன். 48 பிட் கலர் எடுங்கள்.

படம் கறுப்பு வெள்ளைதான், ஆனால் இன்றைக்கு அந்தத் தாள் கறுப்பு வெள்ளை இல்லை. மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்கும், சிவப்பை விட்டுவிடும். அதனால் கறை சிவப்புச் சேனலில் கிட்டத்தட்ட மறைந்து போகும், நீலச் சேனலில் அசிங்கமாகத் தெரியும். நேர்மாறாக, வெள்ளி உருவமே வெளிறி மஞ்சள் பழுப்பாகிப் போன படத்தில் மிச்சமிருக்கும் விவரம் நீலச் சேனலில்தான் அதிக கான்ட்ராஸ்டுடன் கிடைக்கும். ஒரே பிரிண்டில் இரண்டும் இருந்தால் முகத்துக்கு ஒரு சேனல், ஓரத்துக்கு ஒரு சேனல் என்று மாஸ்க் வைத்துக் கலக்கலாம். கிரேயாக எடுத்துவிட்டால் இந்த வாய்ப்பு போய்விடும். சில ஸ்கேனர்கள் கிரே முறையில் ஒரே ஒரு சேனலைத்தான் தரும், சில மூன்றையும் கலந்து தரும். எது என்று நமக்குத் தெரியாமலேயே அது நடந்துவிடுகிறது.

24 பிட் ஏன் வேண்டாம் என்றால், மங்கிய பிரிண்டில் ஒரு தனிச் சேனலின் தகவல் 90-லிருந்து 210 வரைக்குள் சுருங்கிக் கிடக்கும். 121 படிகளை 256-க்கு நீட்டப் போகிறோம், அதுவும் ஒரே சேனலை வைத்து. இருட்டறை நெகட்டிவுக்குச் சொன்ன அதே நிலைமை. மங்காத, நல்ல பிரிண்டு என்றால் பளபளப்புத் தாளின் முழு அளவே டென்சிட்டி 2 பக்கம்தான், அதை நேராக 16 பிட் கிரேயில் எடுத்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நேரம் வீணாகும். தூசி நீக்க அகச்சிவப்பு வசதி இருக்கிறதே, அதை வெள்ளி அடிப்படையிலான கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குப் போடாதீர்கள். வெள்ளித் துகள் அகச்சிவப்பையும் தடுப்பதால் மென்பொருள் படத்தையே தூசி என்று எடுத்துக்கொண்டு விவரத்தை மழுப்பிவிடும். இல்ஃபோர்டு எக்ஸ்பி2 போல வண்ண ஃபிலிம் முறையில் கழுவும் ஃபிலிமில் கடைசியில் வெள்ளி இருக்காது, சாயம்தான் இருக்கும். அதற்கு மட்டும் இது வேலை செய்யும்.


துகள் எழுதியது:

ஆவணம் சொன்ன சேனல் விஷயத்தில் முழு உடன்பாடு. அங்கே 16 பிட் தேவை என்பதை நானும் மறுக்கவில்லை.

பழையபெட்டிக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் பேச்சை நம்பி ஆயிரம் படங்களை எடுக்காதீர்கள். முதலில் உங்கள் சரக்கிலேயே சோதித்துப் பாருங்கள். திறந்த வானமோ வெறும் சுவரோ உள்ள ஒரு 6×6 நெகட்டிவ், கிரெயின் நிறைந்த ஒரு 35 மி.மீ., மங்கிய பிரிண்டு ஒன்று. ஒவ்வொன்றையும் ஒரே அமைப்பில் 8 பிட்டிலும் 16 பிட்டிலும் எடுத்து, இரண்டுக்கும் அதே கர்வைப் போடுங்கள். கர்வைச் சேமித்து ஏற்றுங்கள், கையால் மறுபடி போடாதீர்கள். பிறகு 100 சதவீத அளவில் வைத்துப் பாருங்கள். சிறிதாக்கிக் காட்டும் பார்வையில் தெரியும் பட்டை சில நேரம் மென்பொருள் காட்டும் தோராயமான பிரிவியூவால் வருவது, கோப்பில் இருக்காது. திரையும் ஏமாற்றும். விலை குறைந்த பல திரைகள் 6 பிட்தான், மீதியை மினுக்கிச் சமாளிக்கின்றன. சந்தேகமாக இருந்தால் எண்களைப் பாருங்கள்: பட்டையின் இரு பக்கமும் பிக்சல் மதிப்பு பல படி தாவினால் குற்றம் கோப்பில், ஒவ்வொன்றாக மாறினால் குற்றம் திரையில். கடைசியாக ஒரு சின்னத் துண்டை அச்சிட்டும் பாருங்கள்.

35 மி.மீ.-இல் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது என்று இப்போதே சொல்கிறேன்.


இருட்டறை எழுதியது:

அந்த 35 மி.மீ. பந்தயத்துக்கு நான் வரவில்லை, நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். ஆனாலும் அதையும் 16 பிட்டில்தான் எடுக்கச் சொல்வேன். நெகட்டிவை உறையிலிருந்து எடுத்து, தூசி தட்டி, ஹோல்டரில் வைத்து, ஸ்கேன் முடியக் காத்திருப்பதில்தான் உழைப்பு முழுவதும் போகிறது. 16 பிட்டில் எடுத்தால் பல ஸ்கேனர்களில் நேரம் பெரிதாகக் கூடுவதில்லை.


சாம்பல் எழுதியது:

கோப்பு அளவையும் பார்த்துவிடுவோம், முதல் கேள்வியிலேயே இருந்தது. 35 மி.மீ. ஃபிரேமை 4000 டிபிஐ-யில் எடுத்தால் சுமார் 5669 × 3780 பிக்சல், 2.14 கோடி. 8 பிட் கிரே 21 எம்பி, 16 பிட் கிரே 43 எம்பி, 48 பிட் கலர் 129 எம்பி. கவனியுங்கள், 16 பிட் கிரே, 24 பிட் கலரை விடச் சிறியது. நெகட்டிவை “எதற்கும் இருக்கட்டும்” என்று 24 பிட் கலரில் எடுத்துவைப்பவர்கள் 64 எம்பி செலவழித்துக் குறைந்த நுணுக்கத்தை வாங்குகிறார்கள்.

இடம் மிச்சப்படுத்த பிட்டைக் குறைப்பதை விட டிபிஐ-யைக் குறைப்பது நல்லது. சாதாரண பிளாட்பெட்டில் 6400 டிபிஐ என்று எழுதியிருந்தாலும் லென்ஸ் அவ்வளவு பிரித்துக் காட்டாது. வெறும் மங்கலான பிக்சல்கள்தான் சேரும்.

டிஃப் சுருக்கத்தில் 16 பிட் கோப்புக்கு எல்.இசட்.டபிள்யூ போடாதீர்கள். கீழ்ப் பிட்டுகளில் இரைச்சல் இருப்பதால் பல நேரம் கோப்பு முன்னைவிடப் பெரிதாகிவிடும். ஜிப் சுருக்கம் கொஞ்சம் குறைக்கும்.


பழையபெட்டி எழுதியது:

தெளிவாகிவிட்டது. நெகட்டிவ் எல்லாம் 16 பிட் கிரே, தட்டையாக. மங்கிய பிரிண்டுகள் 48 பிட் கலர், நல்ல பிரிண்டுகள் 16 பிட் கிரே. துகள் சொன்ன சோதனையை 6×6-இல் முதலில் செய்து பார்க்கிறேன். அனுப்புவதற்கு மட்டும் 8 பிட் ஜேபெக் தனியாக எடுத்துக்கொள்கிறேன். திருத்துவது கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில். அதில் 16 பிட் ஒழுங்காக வேலை செய்யுமா?


சாம்பல் எழுதியது:

2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து செய்யும். அதற்கு முந்தைய 2.8 எல்லாவற்றையும் 8 பிட்டாக்கிவிடும், அதனால் எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். கோப்பைத் திறந்ததும் 2.10-இல் இமேஜ் மெனுவில் பிரிசிஷன் என்ற இடத்தில் 16 பிட் இன்டீஜர் என்று இருக்கிறதா என உறுதி செய்துகொள்ளுங்கள். காமா பெர்செப்சுவல் பக்கம் இருக்கட்டும். ஜேபெக் எடுக்கும்போது ஒரு நகலில் அதே மெனுவிலிருந்து 8 பிட்டாக்கினால் டித்தர் வேண்டுமா என்று கேட்கும், வானம் உள்ள படங்களுக்கு ஆம் என்று கொடுங்கள். மூல டிஃப்பின் மேல் சேமித்துவிடாமல் வேறு பெயரில் வையுங்கள்.